அப்பத்தாவின் சிவப்பு முட்டை

கட்டுமாவடியிலிருந்து அப்பத்தா போன். "கொல்லையில பெரிய கோழியா நாலு விடணும் தம்பி. முட்டையும் வேணும், கறியும் வேணும். முட்டை செவப்பா இருந்தாத்தான் நாட்டுக்கோழி முட்டைன்னு நல்ல வெலைக்கு வாங்குறாங்க. எது நல்லதுன்னு பாத்துச் சொல்லு." தேடப் போய் வரலாற்றுல மாட்டிக்கிட்டேன்.

ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. சத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. 19-ஆம் நூற்றாண்டில் மலாய், கொச்சின் போன்ற பெரிய ஆசியக் கோழிகள் கப்பலேறி மேற்கே போயின. கொச்சின்னு பேருதான், போனது சீனாவிலிருந்து. அமெரிக்காவில் அந்த ஆசிய ரத்தம் கலந்து உருவானதுதான் ரோட் ஐலண்ட் ரெட். பழுப்பு முட்டை, கறி ரெண்டும் தரும். பிறகு அதுவே 'சீமைக்கோழி'யா நம்ம ஊருக்குத் திரும்பி வந்தது!

சிலி நாட்டு அரௌகானா நீல முட்டை இடும். காரணம், எப்பவோ மரபணுவில் புகுந்த ஒரு வைரஸ் துண்டு. 2013-இல்தான் கண்டுபிடிச்சாங்க. நம்ம பாஷையில, பக் ஒண்ணு ஃபீச்சர் ஆயிடுச்சு.

அப்பத்தாவுக்கு ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய வனராஜாவைச் சொன்னேன். பழுப்பு முட்டை, நல்ல எடை, நாட்டுக்கோழியை விட அதிக முட்டை. ஆனா அடைக்கு உட்காராது.

"அப்போ ஒவ்வொரு தடவையும் குஞ்சைக் காசு குடுத்துல்ல வாங்கணும்?"

அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. கடைசியில் அவங்களே முடிவெடுத்தாங்க: வனராஜா ரெண்டு, அடைகாக்கிற நாட்டுப் பெட்டை ரெண்டு.