மாதந்தோறும் ஐந்து டாலர்

ஒரு பிள்ளையின் புகைப்படம், பெயர், வயது. மாதம் ஒரு சிறு தொகை, எப்போதாவது ஒரு கடிதம். கடல் தாண்டி இருக்கும் ஏழைப் பிள்ளை ஒன்றை இப்படித் தாங்குவதற்கு ‘ஸ்பான்சர்’ என்று சொல்லிச் சொல்லி, அந்தச் சொல் நம் சபைகளிலும் புழக்கத்துக்கு வந்துவிட்டது. இதை முதலில் செய்தவர் இவர்தான் என்று ஒருவரை மட்டும் காட்டிவிட முடியாது. 1938இலேயே அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் கால்விட் கிளார்க் என்ற போதகர், போரில் சிக்கிய சீனக் குழந்தைகளுக்காக ஒரு நிதியைத் தொடங்கியிருந்தார். ஆனால் இந்த ஏற்பாட்டை லட்சக்கணக்கான வீடுகளின் வாசலுக்குக் கொண்டுவந்த கதை, 1947இல் சீனாவின் சியாமென் துறைமுக நகரில் தொடங்குகிறது. அன்று அந்த ஊரை வெளிநாட்டார் ஆமோய் என்பார்கள்.

பாப் பியர்ஸுக்கு அப்போது 32 வயது. இளைஞர்களுக்கு நற்செய்திக் கூட்டம் நடத்த அமெரிக்காவிலிருந்து வந்தவர். ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் பேசும்போது, கேட்டதை வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னார். ‘ஒயிட் ஜேட்’ என்ற பெயருடைய சிறுமி அப்படியே போய்ச் சொன்னாள். தகப்பன் அவளை அடித்து வீட்டை விட்டுத் துரத்திவிட்டார். பின்னாளில் பியர்ஸ் மேடை மேடையாகச் சொன்ன கதை இது.

அங்கே ஆசிரியையாக இருந்த டீனா ஹூல்கபோயர் என்ற மிஷனரி, அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேராக பியர்ஸிடம் வந்தார். அவர் கைகளிலேயே பிள்ளையைக் கொடுத்தார். என் சோற்றைப் பங்கு போட்டுக்கொள்ள ஏற்கெனவே ஆறு பிள்ளைகள் இருக்கிறார்கள், இவளுக்கு நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார். தன் பிரசங்கத்தை நம்பிய ஒரு குழந்தை அடிபட்ட உடம்போடு கைகளில் கிடக்கும்போது, ஜெபிக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு யாரால் நகர முடியும்? பியர்ஸ் பையைத் துழாவினார். ஐந்து டாலர் இருந்தது. அதைக் கொடுத்து, இனி மாதாமாதம் ஐந்து டாலர் அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

அந்த ஐந்து டாலரைவிட ‘மாதாமாதம்’ என்ற சொல்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒருமுறை கொடுத்த காசு தீர்ந்துபோகும். அடுத்த மாதமும் வரும் என்று தெரிந்தால்தான் டீனாவைப் போன்ற ஒருத்தி ஏழாவது பிள்ளைக்கும் நம்பி உலை வைக்க முடியும். இதிலிருந்து பிறந்த அமைப்பின் ஸ்தாபகர் என்று வரலாறு பியர்ஸைச் சொல்கிறது. என் மனதில் முதல் பெயர், அந்தக் கேள்வியைக் கேட்ட டீனாவுடையது.

1949இல் சீனாவில் ஆட்சி மாறி, மிஷனரிகளுக்கு அங்கே கதவு அடைபட்டது. பியர்ஸ் கொரியா பக்கம் திரும்பினார். சியோலில் ஹான் கியுங்-ஜிக் என்ற போதகர் இருந்தார். வடக்கிலிருந்து அகதியாக ஓடிவந்தவர்; 1945 டிசம்பரில் தன்னைப் போன்ற 27 அகதிகளோடு யங்நாக் சபையைத் தொடங்கியவர். பியர்ஸின் பிரசங்கங்களை மொழிபெயர்த்தவரும், பிற்பாடு பணியில் தோள்கொடுத்தவரும் அவர்தான். 1950 ஜூன் 25இல் போர் வெடித்தது. அதே ஆண்டு ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் பியர்ஸ் தொடங்கிய ‘வேர்ல்டு விஷன்’ என்ற உதவி அமைப்பு பதிவானது. பியர்ஸ் கேமராவோடு கொரியாவுக்குப் போய்ப் படமெடுத்து வந்து, அமெரிக்கச் சபைகளில் திரையிட்டார். தெருவில் திரியும் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தவர்கள் காசை எடுத்தார்கள். 1953இல், சியாமெனில் கொடுத்த அந்த வாக்கு ஒரு முறையான திட்டமாகியது: ஒரு பிள்ளைக்கு ஒரு ஸ்பான்சர்.

அந்நாட்களில் சியோலுக்குப் போன இன்னொரு போதகர் எவரெட் ஸ்வான்சன். 1952இல் ஒரு குளிர்காலைப் பொழுதில், நகரத் தொழிலாளர்கள் தெருவோரக் கந்தல் மூட்டைகளை லாரியில் வீசுவதைப் பார்த்தார். கிட்டே போனால், அவை இரவுக் குளிரில் விறைத்துச் செத்த அநாதைப் பிள்ளைகள். அவர் தொடங்கிய பணிதான் இன்றைய ‘கம்பாஷன்’ (மனதுருக்கம்) அமைப்பு. பசித்த ஜனங்களைப் பட்டினியாக அனுப்ப இயேசுவுக்கு மனம் வராத அந்த மத்தேயு 15ஆம் அதிகாரத்திலிருந்து 1963இல் எடுத்த பெயர் அது.

பணம் போன வழியில் ஒரு தவறும் கூடவே போனது. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. கொரியாவில் உதவி அநாதை இல்லங்களுக்கே போனதால், போரில் கணவனை இழந்த ஏழைத் தாய்மார்கள் சோற்றுக்காகவே பெற்ற பிள்ளையை இல்லத்தில் விட்டார்கள். ‘அநாதை’ என்று பதிவான பல பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். பிள்ளையை வீட்டிலேயே வைத்து, அந்த வீட்டையும் ஊரையும் தாங்க வேண்டும் என்ற புத்தி 1970களில்தான் வந்தது. கிணறும் பள்ளிக்கூடமும் தாயின் பிழைப்பும் கணக்கில் சேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

பியர்ஸின் வீட்டிலும் ஒரு விலை கொடுக்க நேர்ந்தது. வருடத்தில் பெரும்பகுதி அவர் பயணத்திலேயே இருந்தார். 1967இல் நிர்வாகத்தோடு மனம் கசந்து, தான் தொடங்கிய அமைப்பை விட்டே வெளியேறினார். மறு வருடம் மூத்த மகள் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். இன்னொரு மகள் அந்த வீட்டின் வேதனையைப் பிற்பாடு புத்தகமாக எழுதினார். ஊரார் பிள்ளைகளுக்காக உருகிய மனிதரின் பிள்ளைகள் அப்பாவுக்காகக் காத்திருந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. 1978இல் பியர்ஸ் இறந்தார்.

1991இல் கொரியா, வேர்ல்டு விஷனிடம் உதவி வாங்குவதை நிறுத்திக்கொண்டு, கொடுக்கும் நாடாக மாறியது. அந்த ஊர்ப் பிள்ளைகளின் கையில் ரொட்டி வடிவத்தில் ஓர் உண்டியலைக் கொடுத்தார்கள். அதில் விழுந்த சில்லறை, பெயர் தெரியாத ஊர்களின் பிள்ளைகளுக்குப் போனது.