வினாடிக்கு ஐந்து எழுத்து

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கிறது லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடம். இடையில் 400 கெஜ தூரம். 1986 அக்டோபரில் அந்தத் தூரத்தைக் கடக்கத்தான் இணையம் திணறியது. வினாடிக்கு 32 கிலோபிட் போய்க்கொண்டிருந்த டேட்டா 40 பிட்டுக்கு விழுந்தது. அதாவது, வினாடிக்கு ஐந்தே ஆங்கில எழுத்து. ஒரு பக்கக் கடிதம் போய்ச்சேர ஆறேழு நிமிஷம். அதற்குள் ஆளே இறங்கிப் போய்க் கையில் கொடுத்திருக்கலாம்.

ஆய்வுக்கூடத்தின் வான் ஜேகப்சனும் பல்கலைக்கழகத்தின் மைக் கேரல்ஸும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஏன் கெட்டது என்று கேட்பதை விட்டு, இத்தனை நாள் எப்படித்தான் ஓடியது என்று கேட்ட பிறகே வழி பிறந்ததாக ஜேகப்சன் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அனுப்பும் கம்ப்யூட்டர், ‘வந்து சேர்ந்தது’ என்ற பதிலுக்குக் காத்திருக்கும். வராவிட்டால், அனுப்பிய பாக்கெட் (டேட்டாத் துண்டு) தொலைந்துவிட்டதென்று இன்னொரு நகலை அனுப்பும். பாக்கெட்டோ வழியில் வரிசையில் நிற்கிறது. நகலும் பின்னால் வந்து நிற்கும். ரேஷன் கடையில் ஒரே ஆள் நாலு பையை வைத்து இடம் பிடிக்கிற கதைதான். 1984-லேயே ஜான் நேகிள் இந்த ஆபத்தை எழுதி வைத்திருந்தார். யார் கேட்டார்கள்?

1988-இல் ஜேகப்சனும் கேரல்ஸும் வெளியிட்ட கட்டுரையின் வைத்தியம் எளிமையானது. முதலில் ஒரு பாக்கெட், பிறகு இரண்டு, நாலு, எட்டு. ஒன்று தொலைந்தால் நெரிசல் என்று புரிந்துகொண்டு அளவைக் குறைத்து, மறுபடி கொஞ்சம் கொஞ்சமாக ஏறு. டவுன்லோட் வேகத்தை வரைந்து பார்த்தால் ரம்பப் பல் போல ஏறி இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். பயனாளி கோளாறென்று திட்டும் சரிவுகளில் சில, அடுத்தவருக்கு விடும் வழி.

பிறகு மெமரி மலிவானது. ரவுட்டர், மோடம் எல்லாவற்றிலும் பாக்கெட்டுகள் காத்திருக்கத் தாராளமாக இடம் வைத்தார்கள். பாக்கெட் தொலையவில்லை, வரிசைதான் நீண்டது. அனுப்புகிறவருக்கு நெரிசல் தாமதமாகவே தெரிந்தது. 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் இதைத் தன் வீட்டு இணைப்பிலேயே கண்டுபிடித்து ஊரறியச் சொன்னார். 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸுடன் சேர்ந்து ஜேகப்சனே மருந்தும் கொண்டுவந்தார்: பாக்கெட்டுகள் வரிசையில் அதிக நேரம் தேங்கினால், ரவுட்டரே ஒன்றிரண்டை வேண்டுமென்றே தூக்கிப் போட்டுவிடும்.