ஷாம்பூ பாக்கெட் அளவு இணையம்

போன வாரம் பூக்கார அம்மா வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்: "சார், ஒயரு நெட்டு மாசம் நானூறுங்கறாங்க. வரியோட மூணு மாசத்துக்கு மொத்தமா முன்னாடியே கட்டணுமாம். போடலாமா, வேணாமா?"

தொலைபேசித் துறையில் முப்பத்து நான்கு வருடம் குப்பை கொட்டியவன் நான். அதனால் எங்கள் தெருவில் ஒயர், டவர், நெட் என்று எதுவானாலும் என்னிடம்தான் வருவார்கள். "நாளைக்குச் சொல்றேம்மா" என்று அனுப்பிவிட்டேன். அன்று இரவு கணக்குப் போட உட்கார்ந்தவனுக்கு முப்பது வருடக் கதை முழுவதும் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ஆம் தேதி. வி.எஸ்.என்.எல். கொண்டுவந்தது. மாணவர்களுக்கு 500 ரூபாயில் ஒரு கணக்கு உண்டு. அதில் எழுத்து மட்டும்தான் தெரியும், படம் வராது. படத்தோடு பார்க்கும் கணக்கு வருடத்துக்கு 250 மணி நேரம், 15,000 ரூபாய். அன்று என் மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல். முதலில் பெருநகரங்களுக்கு மட்டும்தான் வசதி. மதுரையிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் சென்னைக்கு எஸ்.டி.டி. போட்டுத்தான் பார்க்க வேண்டும். அதற்கு முதலில் வீட்டில் போன் வேண்டுமே! போனுக்கே விண்ணப்பம் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம். ஆக, இணையம் என்பது அப்போது டாக்டர், ஏற்றுமதி வியாபாரி, கல்லூரிப் பேராசிரியர் சமாசாரம்.

1998 நவம்பரில் தனியாரும் இணையச் சேவை தரலாம் என்று மத்திய அரசு கதவைத் திறந்துவிட்டது. விலை சரிந்தது. ஆனால் ஏழை வீட்டுக்குள் இணையம் நுழைந்தது அந்தக் கதவு வழியாக அல்ல என்பது என் எண்ணம். அது மஞ்சள் போர்டு வழியாக வந்தது. எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தவர்கள் இரண்டு கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டு, பலகையால் அறை தடுத்து, 'பிரவுசிங் சென்டர்' என்று எழுதி வைத்தார்கள். எங்கள் தெருமுனையில் முதலில் மணிக்கு 40 ரூபாய் வாங்கினார்கள். அப்புறம் 30, 20 என்று இறங்கி, கடைசியில் அரை மணிக்கு 10 ரூபாய்க்கு வந்து நின்றது. ப்ளஸ் டூ ரிசல்ட் அன்று அந்தக் கடை வாசலில் நின்ற கூட்டத்தை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நம்பர் எழுதிய துண்டுச் சீட்டை நீட்டினால், மார்க்கை அச்சடித்துக் கையில் தருவார்கள். பெட்டி நம்முடையது இல்லை, ஒயரும் நம்முடையது இல்லை. கையிலிருக்கும் பத்து ரூபாய்க்கு எவ்வளவு உண்டோ அவ்வளவு.

மேலூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழுவினர், கம்பி இழுக்காமல் கிராமத்துக்கு போனும் நெட்டும் சேர்த்துக் கொடுக்கும் 'கார்டெக்ட்' என்ற கருவியை உருவாக்கியிருந்தார்கள். 2001 வாக்கில் மேலூர் வட்டாரக் கிராமங்களில் அதை வைத்து இணைய மையங்கள் திறந்தார்கள். என்-லாக் என்ற நிறுவனம் நடத்தியது. அமெரிக்கப் பல்கலைக்கழகத்தினரும் கூட இருந்தார்கள். ஊரிலேயே படித்த ஒரு பெண்ணோ பையனோ கடன் வாங்கி மையத்தை நடத்த வேண்டும். கம்ப்யூட்டர், கேமரா, பேட்டரி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 50,000 ரூபாய். கண்ணில் புரை விழுந்த பாட்டியின் கண்ணைப் படமெடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினால், நேரில் வர வேண்டுமா, வேண்டாமா என்று பதில் வந்துவிடும். இன்று கேட்க இது சாதாரணம். அன்று நான் வாயைப் பிளந்தேன்.

ஆனால் சில வருடங்களில் அந்த மையங்களில் பெரும்பாலானவை மூடிவிட்டன. வருமானம் செலவுக்குக் காணவில்லை. பெட்டி பழுதானால் பார்க்க ஆள் வர நாளாகும். திட்டம் தோற்றது என்று எழுதுகிறவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஒரு கிராமமே சேர்ந்து ஒரு இணைப்பைப் பகிர்ந்துகொள்ளலாம் என்ற யோசனை சரியானதுதான். அதன் கடன் பாரத்தை ஒரு பெண்ணின் தலையில் மட்டும் ஏற்றியதுதான் தப்பு.

2004-இல் மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கை வெளியிட்டது. 256 கே.பி.பி.எஸ். இருந்தால் அதன் பெயர் பிராட்பேண்ட்! (சிரிக்காதீர்கள், அன்று அது மின்னல்.) அடுத்த ஆண்டு ஜனவரியில் பி.எஸ்.என்.எல். 'டேட்டாஒன்' வந்தது. பிறகு மாதம் 250 ரூபாய்க்கும் ஒரு வீட்டுத் திட்டம் வந்தது. 500 ரூபாய்த் திட்டத்தில் இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை எவ்வளவு பார்த்தாலும் கணக்கில்லை. அலாரம் வைத்து எழுந்து சினிமாவை இறக்கிய பிள்ளைகள் எத்தனை பேர்!

250 ரூபாய்க்கு வந்த பிறகும் கூலி வேலைக்காரர் வீட்டுக்கு அது போகவில்லை. ஏன் என்று எங்கள் ஆசாரி ஒருவர் மூலம் புரிந்தது. அவர் வேறொரு நிறுவனத்தில் இணைப்பு வாங்கியிருந்தார், பெயர் வேண்டாம். பையன் அளவு தெரியாமல் பார்த்துவிட, இரண்டாம் மாதம் பில் நாலாயிரத்தைத் தாண்டியது. மனிதர் ஒயரைப் பிடுங்கித் தெருவில் போட்டுவிட்டார். "எவ்ளோ வரும்னு தெரியாத செலவை நம்மால தாங்க முடியாதுண்ணே" என்றார். மாத பில், டெபாசிட், மோடம் விலை எல்லாமே மாதச் சம்பளக்காரனை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு. தினக்கூலிக்காரருக்கு அது ஒத்துவராது.

இதை முதலில் புரிந்துகொண்டவர் ஒரு ஷாம்பூக்காரர். கடலூர் சின்னிகிருஷ்ணன். பாட்டில் வாங்க முடியாதவர்களும் ஷாம்பூ வாங்கட்டும் என்று சின்னப் பாக்கெட்டில் அடைத்தார். பின்னாளில் அவர் மகன் 'சிக்' ஷாம்பூவை ஊரெல்லாம் தொங்கவிட்டார். செல்போன் கம்பெனிகள் அதே வழியில்தான் வந்தன. பெட்டிக்கடையில் பத்து ரூபாய் ரீசார்ஜ். காசு தீர்ந்தால் நெட் நிற்கும், அதிர்ச்சி பில் வராது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும், ஒரு ஜி.பி. 250 ரூபாய் வாக்கில் இருந்த விலை மடமடவென்று விழுந்தது. உலகத்திலேயே மலிவான டேட்டா நம்மூரில் என்று எல்லோரும் எழுதினார்கள். நானும் இணையப் பிரச்சினை தீர்ந்தது என்றே நினைத்தேன்.

தீரவில்லை என்பது 2020-இல் என் திண்ணையிலேயே தெரிந்தது. பள்ளிக்கூடம் மூடியாகிவிட்டது. பூக்கார அம்மாவின் மூத்த பெண் அப்போது ப்ளஸ் டூ, தம்பி எட்டாவது. வீட்டில் நெட் உள்ள போன் ஒன்றே ஒன்று. ஆட்டோ ஓட்டும் அப்பா காலை ஏழு மணிக்குச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினால், அந்த வீட்டின் இணையமும் கூடவே கிளம்பிப் போய்விடும். போனுக்கு நெட் இருந்தது, வீட்டுக்கு இல்லை. அந்த வித்தியாசம் முப்பத்து நான்கு வருடம் அந்தத் துறையில் இருந்த எனக்கே அதுவரை உறைக்கவில்லை.

யாரிடமோ பழைய போன் ஒன்றை வாங்கி வந்து, "தாத்தா, உங்க வைஃபை நம்பர் தருவீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள். ஐந்து மாதம் எங்கள் திண்ணையில் உட்கார்ந்துதான் படித்தாள். மழை பெய்தால் என் மனைவி உள்ளே கூப்பிடுவாள். தொற்றுக்குப் பயந்து அவள் வர மாட்டாள், குடையை விரித்துக்கொள்வாள்.

2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தினம் 2 ஜி.பி. டேட்டா கார்டு இலவசம் என்று தமிழக அரசு அறிவித்தது. சுமார் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு. நல்ல காரியம். ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடையாது. கார்டைப் போட ஒரு போனும் தனியாக வேண்டும்.

கேரளாக்காரர்கள் இதை வேறு மாதிரி பார்த்தார்கள். இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையில் அடங்கும் என்று 2019-இலேயே அங்குள்ள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கல்லூரி மாணவி போட்ட வழக்கு. 2023 ஜூனில் அந்த மாநில அரசு 'கே-ஃபோன்' என்று சொந்தமாகவே ஃபைபர் வலையைத் தொடங்கியது. 20 லட்சம் ஏழை வீடுகளுக்கு இலவசம் என்பது இலக்கு. முதலில் தொகுதிக்கு 100 வீடு, 140 தொகுதிக்கு 14,000 வீடு. இலக்குக்கும் தொடக்கத்துக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். ஆனாலும் இணைப்பு வீட்டுக்கு என்று முடிவு செய்தார்களே, அதுதான் விஷயம்.

சரி, பூக்கார அம்மா கணக்குக்கு வருகிறேன். இப்போது அவர்கள் வீட்டில் மூன்று போன். ஒவ்வொன்றுக்கும் 28 நாளைக்கு 299 ரூபாய். 2024 ஜூலைக்கு முன் இதே ஜியோ திட்டம் 239. 28 நாள் என்பதால் வருடத்துக்குப் பன்னிரண்டு தடவை அல்ல, பதின்மூன்று தடவை கட்ட வேண்டும். மூன்று போனுக்கும் சேர்த்துப் பார்த்தால் நாளுக்கு 32 ரூபாய். ஒயர் நெட் 400, அதன் மேல் 18 சதவீத வரி, ஆக 472. நாளுக்கு 16 ரூபாய்கூட ஆகாது. எது மலிவு என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் தினம் 32 ரூபாய் கொடுக்க முடிந்த அந்த அம்மாவால் ஒரே நாளில் 1,416 ரூபாய் எடுத்துவைக்க முடியாது. வைகாசி முகூர்த்தம் வந்தால் முடியும். ஆடியில் முடியாது. இப்போது ஆடி.

மறுநாள் சொன்னேன். "ஒயரைப் போடுங்கம்மா. வெளிய போறவங்க ரெண்டு பேர் போனை மட்டும் சின்ன ரீசார்ஜுக்கு மாத்திக்கலாம். மூணு மாசப் பணத்துக்குக் கேபிள்காரர்கிட்ட நான் பேசறேன்."

"நீங்க பேசினா கேப்பாரா சார்?"

கேட்டார். மாதாமாதம் வாங்கிக்கொள்கிறேன் என்றார். அதற்குள் அந்த அம்மா என்னைவிடக் கெட்டிக்காரத்தனமாக ஒன்று செய்துவிட்டார். ஒரே காம்பவுண்டில் பக்கத்துப் போர்ஷனில் இருக்கும் இஸ்திரிக்காரர் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டார். ஆளுக்கு 236 ரூபாய். நேற்று ஒயர் இழுத்தாகிவிட்டது. பெட்டியை யார் வீட்டுச் சுவரில் மாட்டுவது என்பதில் மட்டும் இன்னும் பேச்சு முடியவில்லையாம். சாயங்காலம் என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள்.