சுமையும் வண்டியும் கூடும் சந்தை



வரலாறு என்றவுடன் மன்னர்களின் போர்களும் மாநகரங்களின் எழுச்சியும் வீழ்ச்சியுமே நம் நினைவில் நிற்கின்றன. அம்மாநகரங்களுக்கு அரிசியும் உப்பும் எவ்வாறு வந்து சேர்ந்தன, அவற்றைக் கொண்டுவந்த வண்டிக்காரர் திரும்பிப் போகும்போது எதை ஏற்றிச் சென்றார் என்று நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. ஆயினும் ஒரு நாட்டின் விலைவாசியும், ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வருவாயும் அந்தச் சிறு கேள்வியைப் பொறுத்து அமைந்துள்ளன. சுமை உடையவரும் வண்டி உடையவரும் ஒருவரை ஒருவர் எவ்வாறு கண்டுகொண்டனர் என்னும் வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

சங்க இலக்கியம் பயின்ற மாணவர்கள் உமணரை அறிவீர்கள். கடற்கரையில் விளைந்த உப்பை மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு, கூட்டங் கூட்டமாக உள்நாட்டு ஊர்களுக்குச் சென்று, நெல்லுக்கு மாற்றிய வணிகர்கள் அவர்கள். மேட்டிலும் பள்ளத்திலும் அச்சு முறியக்கூடும் என்றெண்ணி, வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்ற அவர்களுடைய முன்னறிவைப் புறநானூறு நமக்குக் காட்டுகிறது. போகும்போது உப்பு; திரும்பும்போது நெல். வண்டியும் அவர்களுடையது; சரக்கும் அவர்களுடையது. ஆகவே சுமைக்கு வண்டி தேட வேண்டிய நிலையும், வண்டிக்குச் சுமை தேட வேண்டிய நிலையும் அவர்களுக்கு மிகுதியாக ஏற்படவில்லை.

வாணிகம் விரிவடைந்தபோது இந்நிலை மாறியது. சரக்கு ஒருவருடையதாகவும் வண்டி மற்றொருவருடையதாகவும் பிரிந்தன. நெல் மண்டிக்காரருக்கு வண்டிகள் நிற்கும் இடம் தெரியாது; வண்டிக்காரருக்கு நெல் கிடக்கும் இடம் தெரியாது. இருவருக்கும் இடையே இரண்டையும் அறிந்த ஒருவர் தோன்றினார். அவரே தரகர். அவர் சுமையைச் சுமப்பதில்லை, வண்டியையும் ஓட்டுவதில்லை. செய்தியை வைத்திருந்தார், அச்செய்திக்கு விலை பெற்றார். இந்த வரலாறு முழுவதிலும் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுவதைக் காண்பீர்கள். செய்தி யார் கையில் இருக்கிறது? அதனால் பயன் அடைபவர் யார்?

கடல் வாணிகத்தில் இதற்கு ஒரு வழி கண்டவர்கள் லண்டன் மாநகரத்து வணிகர்கள். அங்கே 1744ஆம் ஆண்டில் ஒரு காப்பிக் கடை, 'வர்ஜீனியா அண்டு பால்டிக்' என்னும் பெயரை ஏற்றது. அமெரிக்காவின் வர்ஜீனியாவோடும் பால்டிக் கடல் நாடுகளோடும் வாணிகம் செய்தவர்களும் கப்பல் தலைவர்களும் அங்கே கூடினர். எந்தக் கப்பல் எப்போது புறப்படும், எவரிடம் எவ்வளவு சரக்கு உள்ளது என்பன அங்கேதான் பேசி முடிக்கப்பட்டன. அந்தக் காப்பிக் கடையே பின்னாளில் 'பால்டிக் எக்ஸ்சேஞ்ச்' என்னும் புகழ்பெற்ற நிலையமாக வளர்ந்தது. சொன்ன சொல்லே பத்திரம் என்பது அவர்களுடைய கொள்கை. முகம் அறிந்தவர்களின் சந்தை ஆதலால் சொல்லுக்கு மதிப்பு இருந்தது.

இனித் தரைவழிக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டில் மோட்டார் லாரி பெருகியது. இருப்புப் பாதை செல்லாத ஊருக்கும் லாரி சென்றது. ஆனால் 1929ஆம் ஆண்டில் தொடங்கிய பெரும் பொருளாதார மந்தத்தில் சரக்கு குறைந்தது, வண்டிகள் குறையவில்லை. ஒருவரினும் மற்றொருவர் குறைந்த வாடகைக்கு ஓட முன்வந்தனர். இறுதியில் எரிபொருளுக்கும் தேய்மானத்துக்கும் போதாத வாடகைக்கு ஓடினர்.

இத்துன்பத்தைத் தீர்க்க நாடுகள் வெவ்வேறு வழிகளை மேற்கொண்டன. நெதர்லாந்து நாட்டில் 1933ஆம் ஆண்டில், ஆறுகளிலும் கால்வாய்களிலும் ஓடும் சரக்குப் படகுகளுக்கு முறை வைக்கும் சட்டம் வந்தது. படகோட்டிகள் வந்த வரிசைப்படி பெயர் பதிந்து காத்திருப்பார்கள், சரக்கு வரவர வரிசைப்படி பெறுவார்கள், வாடகையும் வகுக்கப்பட்டிருக்கும். எவரும் பட்டினி கிடக்கக் கூடாது என்பது அதன் நோக்கம். காத்திருக்கும் காலம் நீளும் என்பது அதன் குறை. ஐரோப்பிய ஒன்றியம் 1996ஆம் ஆண்டில் பிறப்பித்த ஆணையின் பயனாக இத்தகைய முறைகள் கைவிடப்பட்டன. நெதர்லாந்தில் 1998ஆம் ஆண்டோடு அது முடிந்தது.

அமெரிக்கா 1935ஆம் ஆண்டில் மோட்டார் போக்குவரத்துச் சட்டம் இயற்றி, லாரித் தொழிலை மாநிலங்களுக்கிடை வணிக ஆணையத்தின் கீழ்க் கொண்டுவந்தது. எந்த வழியில் ஓடலாம், எந்தச் சரக்கை ஏற்றலாம் என்பன உரிமச் சீட்டிலேயே குறிக்கப்பட்டன. இதனால் வாடகை நிலைபெற்றது. பெரிய நிறுவனங்கள் நிலைத்தன. ஆனால் ஓர் ஊருக்குச் சரக்குக் கொண்டுபோக உரிமை பெற்றவருக்கு, அவ்வூரிலிருந்து திரும்பும்போது வேறு சரக்கை ஏற்ற உரிமை இல்லாமற் போவதும் உண்டு. எதிரே சுமை கிடக்க, வண்டி வெறுமையாகத் திரும்பும். பதப்படுத்தப்படாத வேளாண் விளைபொருள்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. சொந்த லாரி வைத்திருந்த தனி ஓட்டுநர் பலர் காய்கனிகளை ஏற்றி நெடுந்தொலைவு சென்று, திரும்புகாலில் என் செய்வது என்று திகைத்தனர்.

இந்த வெறுமையின் விலையை ஒரு சிறு கணக்கால் அறியலாம். ஒரு லாரி ஒரு கிலோமீட்டர் ஓட 40 ரூபாய் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். 400 கிலோமீட்டர் போவதற்கு 16,000 ரூபாய். திரும்புவதற்கும் 16,000 ரூபாய். சுமையின்றித் திரும்பினால், போகும்போது சரக்கு அனுப்பியவர் 32,000 ரூபாயையும் தர வேண்டும். அல்லது வண்டிக்காரர் நட்டப்பட வேண்டும். திரும்புகாலில் 10,000 ரூபாய்க்கு ஒரு சுமை கிடைத்தாலும் அவர் ஏற்றுக்கொள்வார். வெறும் வண்டியாகப் போனாலும் செலவு செலவுதானே! நம் லாரிக்காரர்கள் 'ரிட்டன் லோடு' என்று சொல்லும் திரும்புசுமையின் வாடகை பல இடங்களில் குறைவாக இருப்பதற்குக் காரணம் இதுவே. அந்த ஓட்டுநரின் இக்கட்டை நன்கு அறிந்த தரகர், அதைக் கொண்டே வாடகையைக் குறைக்கவும் கூடும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

லாரிக்காரர்கள் உணவுக்கும் எரிபொருளுக்கும் ஓய்வுக்கும் நெடுஞ்சாலைத் தங்குமிடங்களில் நிற்பது வழக்கம். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் போர்ட்லண்டு என்னும் நகரம் உண்டு. அங்கே ஜூபிட்ஸ் என்னும் லாரித் தங்குமிடத்தில் 1978ஆம் ஆண்டில் 'டயல்-எ-டிரக்' என்றொரு சேவை தொடங்கப்பட்டது. சரக்குத் தரகர்கள் தொலைபேசியில் தெரிவிக்கும் சுமைகளின் விவரம் அங்கிருந்த திரையில் காட்டப்பட்டது. ஓட்டுநர் உணவருந்தியவாறே நிமிர்ந்து நோக்குவார். தம் ஊர்த் திசையில் சுமை இருப்பின், தொலைபேசியில் பேசி முடித்துக்கொள்வார். பிற்காலத்தில் 'டாட்' என்னும் சுருக்கப் பெயரோடு வட அமெரிக்கா முழுவதும் பரவிய சுமைப் பலகையின் தொடக்கம் இந்த எளிய திரையேயாகும்.

காலமும் அதற்குத் துணை செய்தது. 1980ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளில் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் புதிய மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தில் கையொப்பமிட்டார். 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டுகள் பெரிதும் தளர்ந்தன. புதியவர்கள் தொழிலில் நுழைவது எளிதாயிற்று. பத்தாண்டுகளில் உரிமம் பெற்ற லாரி நிறுவனங்களின் தொகை இரு மடங்காகியது. அவற்றுள் பெரும்பாலானவை ஒருசில வண்டிகளே உடைய சிறு நிறுவனங்கள். தமக்கென வணிகரைத் தேடி அலைய ஆளில்லாத அவர்களுக்குத் திரையில் தோன்றும் செய்தி பெருந்துணையாயிற்று.

ஐரோப்பாவில் பிரான்சு நாடு வழிகாட்டியது. தொலைபேசிக் கம்பியோடு இணைந்த 'மினிட்டெல்' என்னும் சிறு திரைக் கருவி 1980களில் அந்நாட்டு இல்லங்களிலும் அலுவலகங்களிலும் பரவியிருந்தது. அதன் வழியாக 1985ஆம் ஆண்டில் 'டெலிரூட்' என்னும் சரக்குச் சந்தை தொடங்கியது. இன்று நாம் காணும் இணையம் பொதுமக்களிடம் வருவதற்கு முன்பே, லாரிக்காரர் திரையில் சுமை தேடத் தொடங்கிவிட்டார். 1997ஆம் ஆண்டில் செருமனியில் 'டிமோகாம்' தோன்றியது. எல்லைகள் திறந்த ஐரோப்பாவில், அயல்மொழி பேசும் ஊருக்குப் போன ஓட்டுநருக்கும் திரும்புசுமை காட்டும் கருவியாக இவை விளங்கின. இத்தனைக்குப் பிறகும் ஐரோப்பிய ஒன்றியத்தில் சரக்கு லாரிகள் ஓடும் மொத்தத் தொலைவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வெறுமையாகவே ஓடப்படுகிறது. பால் வண்டியில் சிமென்டை ஏற்ற முடியாது. ஆலைகள் மிகுந்த ஊருக்கும் அவ்வூர்ச் சரக்கை வாங்கும் ஊருக்கும் இடையே போக்கும் வரவும் ஒத்திரா. இவற்றை எந்தத் திரையும் முற்றும் மாற்ற இயலாது.

இன்றைய சந்தை நடைபெறும் முறையையும் சுருக்கமாகக் கூறுகிறேன். சுமை உடையவர், அது ஏறும் ஊர், இறங்கும் ஊர், எடை, அளவு, வேண்டிய வண்டியின் வகை, ஏற்றும் நாள் ஆகியவற்றைப் பதிகிறார். வண்டி உடையவர் தம் வண்டி எங்கே, எப்போது காலியாகும் என்பதைப் பதிகிறார். கணிப்பொறி இரண்டையும் ஒப்பிட்டுப் பொருத்தமானவற்றை முன்னே நிறுத்துகிறது. முன்பு இச்சந்தைகள் செய்தியைக் காட்டியதோடு நின்றன. விலை பேசுவது மனிதர் வேலை. கைப்பேசி வந்தபின் விலையையும் தாமே கூறும் செயலிகள் தோன்றின.

சீன நாட்டின் வரலாறு இங்கே கருதத்தக்கது. அங்கே லாரி ஓட்டுநர்கள் சரக்கு நிலையங்களில் கரும்பலகைகளில் எழுதப்பட்ட அறிவிப்புகளைப் பார்த்துக் காத்துக் கிடந்த காலம் உண்டு. பின்னர்க் கைப்பேசிச் செயலிகள் இரண்டு போட்டியிட்டு வளர்ந்தன. 2017ஆம் ஆண்டில் ஒன்றாக இணைந்து 'மான்பாங்' என்னும் பெருநிறுவனமாயின. 2021ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அதன் பங்குகள் நியூயார்க் பங்குச் சந்தையில் விற்பனைக்கு வந்தன. அதற்கு முந்திய மாதத்தில்தான், ஓட்டுநர்களின் வாடகை குறைக்கப்படுவது குறித்தும் அவர்களிடம் பெறும் கட்டணங்கள் குறித்தும் எழுந்த முறையீடுகளுக்காகச் சீன அரசுத் துறைகள் இத்தகைய போக்குவரத்துச் செயலி நிறுவனங்களை அழைத்து எச்சரித்தன. கரும்பலகையின் முன் காத்திருந்த ஓட்டுநருக்கு நேரம் மிச்சமாயிற்று. ஆயினும் விலை சொல்லும் உரிமை அவர் கைக்கு வரவில்லை.

நம் நாட்டில் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்கள் லாரித் தொழிலுக்குப் பேர்போனவை. அங்கிருந்து வடமாநிலங்களுக்குச் செல்லும் வண்டிகளுக்கு லாரி புக்கிங் ஆபீசுகளும் தரகர்களுமே நெடுங்காலம் திரும்புசுமை தேடித் தந்தனர், இன்றும் தருகின்றனர். 2015ஆம் ஆண்டில் பெங்களூரில் தொடங்கிய 'பிளாக்பக்' போன்ற செயலிகளும் இப்போது உடன் சேர்ந்துள்ளன. மொழி தெரியாத ஊரில் வண்டியை நிறுத்திவிட்டு, இன்று சுமை வருமா, நாளை வருமா என்று காத்திருக்கும் ஓட்டுநருக்கு ஒவ்வொரு நாளும் செலவு நாள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இறுதியாக நம்பிக்கை பற்றி ஒரு சொல். காப்பிக் கடையில் முகம் தெரிந்தது. திரையில் முகம் தெரிவதில்லை. அமெரிக்கச் சுமைப் பலகைகளில் ஒருவகை மோசடி பெருகியுள்ளது. வண்டி உடையவர்போல் நடித்து ஒருவன் சுமையை ஏற்றுக்கொள்கிறான். அதை உண்மையான லாரிக்காரர் ஒருவரிடம் ஒப்படைக்கிறான். சரக்குச் சேர்ந்தபின் பணத்தைப் பெற்றுக்கொண்டு மறைந்துவிடுகிறான். உழைத்தவருக்கு வாடகை இல்லை. இத்தகைய இழப்புகளுக்கு ஈடாக, தரகர்கள் கட்ட வேண்டிய பிணைத் தொகையை 2012ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று 10,000 டாலரிலிருந்து 75,000 டாலராக உயர்த்தியது. உரிமத்தைச் சரிபார்ப்பதும், எவர் எத்தனை நாளில் பணம் தருகிறார் என்று பதிந்து காட்டுவதும் இச்சந்தைகளின் முக்கியப் பணிகளாகிவிட்டன. முன்னாளில் 'இவர் நாணயமானவர்' என்று ஊரார் சொன்ன சொல்லின் இடத்தில் இப்போது பதிவேடு நிற்கிறது.

புதிய கருவி எல்லாவற்றையும் வென்றுவிடும் என்று கருதுவதும் தவறு. சியாட்டில் நகரில் 2015ஆம் ஆண்டில் தொடங்கிய 'கான்வாய்' என்னும் நிறுவனம், தரகரின் வேலையைக் கணிப்பொறியே செய்யும் என்று பெருமுதலோடு முன்வந்தது. சரக்கும் வாடகையும் சரிந்த காலத்தில் தாங்க இயலாமல், 2023ஆம் ஆண்டு அக்டோபரில் தன் பணியை நிறுத்திக்கொண்டது. மந்தம் 1930களில் லாரிக்காரரை வருத்தியது. நம் காலத்தில் கணிப்பொறி நிறுவனத்தையும் விட்டுவைக்கவில்லை.

மாணவர்களே! நெதர்லாந்தின் வரிசைமுறை ஓட்டுநரின் வயிற்றை எண்ணியது, விரைவை மறந்தது. திறந்த சந்தை விரைவைத் தந்தது. ஓட்டுநரின் வாடகையைப் போட்டிக்கு விட்டுவிட்டது. இரண்டின் நன்மையையும் ஒருங்கே தரும் முறை இன்னும் காணப்படவில்லை. பொருளியலும் கணிதமும் சட்டமும் பயிலும் உங்களில் சிலருக்கு அப்பணி காத்திருக்கிறது. அடுத்த முறை நெடுஞ்சாலையில் ஒரு லாரி உங்களைக் கடந்து செல்லும்போது, அதில் சுமை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில், அந்த வெறும் வண்டி ஓடும் செலவை எவர் தருகிறார் என்று எண்ணிப் பாருங்கள்.