கொத்து அரிசியும் கடன் கொப்பியும்: கண்டி வணிகத்தில் நுகர்வோர் தேவையின் வரலாறு

மக்களுக்கு எது தேவையெனக் கண்டறிந்து அதை இலாபத்தோடு வழங்குபவரே தொழில்முனைவோர் என்று பொருளியல் பாடநூல்கள் சொல்கின்றன. கண்டியின் இருநூறு ஆண்டு வணிகத்தை விளக்க இந்த வரையறை போதாது. அரிசி, மிளகாய், கருவாடு, துணி என்று தேவை இங்கே எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தே இருந்தது. சோறு அன்றாடம் வேண்டியிருந்தது; சம்பளமோ மாதக் கடைசியிலோ அதற்கும் பிந்தியோதான் கைக்கு வந்தது. அந்த இடைவெளியைத் தாங்கக்கூடியவர்களே இந்நகரில் வணிகராக நிலைத்தார்கள் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதைப் பார்ப்பதற்கு மஹய்யாவ பொருத்தமான இடம். கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை வழியே வடக்கே செல்லும் வீதியில் அது உள்ளது. மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை என்று நடந்துவந்த தென்னிந்தியத் தொழிலாளர் வடக்கிலிருந்துதான் கண்டியை நெருங்கினர். 1880இல் மாத்தளைக்குத் திறக்கப்பட்ட ரயில் பாதையும் மஹய்யாவ ஊடாகவே போகிறது.

1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தது. 1820களில் கொழும்பு வீதி அமைந்ததும் கோப்பித் தோட்டங்கள் பரவின. தோட்டத்துக்கு வந்தவர்களுக்குப் போதிய நெல் மலைநாட்டில் விளையவில்லை; கடல் கடந்து அரிசி வரவேண்டியிருந்தது. கோப்பி ஏற்றி இறங்கிய மாட்டுவண்டிகள் அரிசி ஏற்றித் திரும்பின. 1867இல் ரயில் கண்டியை எட்டியபோது அந்தப் பயணம் சுருங்கியது. 

இந்த அரிசிக்குப் பின்னால் நின்றவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். அவர்களுடைய முறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கொழும்பிலிருந்த பிரித்தானிய வங்கிகள் சில்லறைக் கடைக்காரருக்குக் கடன் கொடுப்பதில்லை. அவர் யாரென்றே அவற்றுக்குத் தெரியாது. செட்டியார் தம் பெயரையும் பிணை நின்ற சராப்பு என்ற வங்கி இடைத்தரகரின் வார்த்தையையும் வைத்து வங்கியில் குறுகிய காலக் கடன் வாங்கி, கூடுதல் வட்டிக்கு வணிகருக்குக் கொடுத்தார். மொத்த வியாபாரி சில்லறைக் கடைக்கும், கடைக்காரர் வாடிக்கையாளருக்கும் சரக்கைக் கடனாகவே தந்தனர். ஒவ்வொரு படியிலும் இருந்தவருக்குத் தமக்கு அடுத்த படியில் இருந்தவரைத் தெரியும். வங்கியால் திரட்ட முடியாத அந்த அறிவுதான் செட்டியாரின் உண்மையான முதல். வட்டியெல்லாம் சேர்ந்து, கடைசியில் அரிசி வாங்குபவர் தந்த விலையில் வந்து நின்றது என்பதையும் மறைக்க முடியாது.

ஆனால் தோட்டத்துக்குள் இந்தச் சந்தை முழுமையாக நுழையவே இல்லை. அங்கே அரிசியைத் தோட்ட நிர்வாகமே வழங்கிச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. பயணச் செலவில் தொடங்கிய கடன் தொழிலாளரைத் திரட்டி வந்த பெரிய கங்காணியின் கணக்கில் வளர்ந்தது. ஒரு கூட்டம் வேறு தோட்டத்துக்குப் போவதானால், அதன் கடன் தொகை எழுதிய ‘துண்டு’ இருக்க வேண்டும்; புதிய தோட்டம் அதைக் கட்டிய பிறகே ஆட்கள் விடுபட்டனர். 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கடையையும் விலையையும் தெரிவுசெய்ய முடியாத ஒருவரை நுகர்வோர் என்று அழைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவருடைய தேவை நிறைவேறியிருக்கலாம். விருப்பத்துக்கு அங்கே இடமே இருக்கவில்லை.

நகரத்துச் சில்லறை வணிகத்தில் தென்னிந்தியக் கரையிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர் முன்னின்றனர். கடன் கொடுத்தவர்மேல் நெருக்கடிக் காலத்தில் பழி விழுவதும் அப்போதே தொடங்கிவிட்டது. முதலாம் உலகப் போரில் விலைகள் ஏறியிருந்த நிலையில், 1915 மே மாத இறுதியில் கண்டி காசல் ஹில் வீதியில் வெடித்த கலவரம் நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவி அவர்களுடைய கடைகளை அழித்தது. 1983 ஜூலையில் கண்டியின் தமிழர் கடைகளும், 2018 மார்ச்சில் திகன பகுதியின் முஸ்லிம் கடைகளும் தாக்கப்பட்டன. காரணங்கள் ஒன்றல்ல என்றாலும், ஊரின் அன்றாடத் தேவையைச் சுமந்த கடைகளே மூன்று முறையும் எரிந்தன.

கடன் சங்கிலி முதலில் மேலேயிருந்து அறுந்தது. 1925இல் செட்டியார் நிறுவனங்களின் முறிவால் வங்கிகள் அவர்களுக்குக் கடன் கொடுப்பதைக் குறைத்தன. 1930களின் மந்தம் மீதியை முடித்தது. 1934இல் வங்கி ஆணைக்குழு அறிக்கையளித்தது. அதன் பரிந்துரையை ஒட்டி 1939இல் இலங்கை வங்கி பிறந்தது. 1948ஆம் ஆண்டின் குடிவரவு குடியகல்வுச் சட்டம் இந்திய வணிகர் பலரை அனுமதிப்பத்திரத்தில் தங்குபவர்களாக்கியது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் 1942இல் பங்கீடு வந்தது. கூப்பனும் கூட்டுறவுச் சங்கக்கடையும் வீடுவீடாகப் பழகிய சொற்களாயின. ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமானபோது, 1953 ஆகஸ்ட் 12 ஹர்த்தால் நாட்டையே நிறுத்தியது. பணமில்லாதவரையும் எட்டியது பங்கீட்டின் பெருமை. ஆனால் 1970களின் இறக்குமதித் தடைகளும் 1973–74 உணவுத் தட்டுப்பாடும் சேர்ந்தபோது, தோட்டங்களில் இறப்பு வீதமே உயர்ந்தது. தனி வணிகர் ஒதுக்கப்பட்டிருந்த இடத்தில் அரசின் கையும் வெறுமையானால் மக்கள் நாடுவதற்கு மூன்றாவது வாசல் இல்லை.

மஹய்யாவவில் வாழும் மாநகரசபைத் துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்கள் தோட்டத் தொழிலாளரிலிருந்து வேறுபட்ட நுகர்வோர். நகரத்துக் கடைகள் நடைதூரத்தில் இருப்பதால் அவர்களுக்குத் தெரிவு உண்டு. மாதச் சம்பளம் என்பதால் கொப்பிக் கணக்கும் உண்டு. முகம் பார்த்துக் கொப்பியில் எழுதும் கடைக்காரரும், ஒரு நூற்றாண்டுக்கு முந்திய செட்டியாரும் விற்பது ஒன்றையே: காலத்தை.

1977இல் இலங்கைப் பொருளாதாரம் திறக்கப்பட்டபின் இன்னொரு வழி பரவியது. வாங்குபவரின் பணத்தைப் பெருக்க முடியாதபோது பொருளைச் சிறிதாக்குவது. இதைத் தமிழ்நாட்டில் முன்னெடுத்தவர் கடலூர் சின்னிகிருஷ்ணன். ஷாம்பூவைச் சிறு பாக்கெட்டில் அடைத்தார். அவருடைய மகன் ரங்கநாதன் 1983இல் சிக் ஷாம்பூவைத் தொடங்கி அதைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார். போத்தல் வாங்க முடியாதவர்களும் ஷாம்பூ வாங்கலாம் என்றாயிற்று. விருப்பம் என்று ஒதுக்கப்பட்டிருந்தது ஏழை வீட்டின் பட்டியலிலும் சேர்ந்தது.

இலங்கையில் அத்தகைய பாக்கெட்டுகள் குப்பையாகவும் குவிந்தன. உணவும் மருந்தும் நீங்கலாக, 20 மில்லிலீற்றரோ 20 கிராமோ அதற்குக் குறைவோ கொண்ட பொதிகளுக்கு 2021 மார்ச் 31 முதல் தடை வந்தது. குப்பையைக் கையால் அள்ளுபவர்களுக்கு அது ஓர் ஆறுதல்; ஆனால் அன்றன்றைக்கு வாங்கியே வாழ்பவர்களிலும் அவர்கள் அடங்குவர். மறு ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. கடன் கொடுத்த கடைக்காரருக்கு, திரும்பி வரும் பணத்தில் அதே சரக்கை மீண்டும் வாங்க முடியாத காலம் அது.