ஒளி புகாத இடத்தில் ஒலி

ஐம்பொறிகளுள் கண்ணே தலையாயது என்பர். ஆயினும் அக்கண்ணின் உட்புறத்தைக் காண மருத்துவர் நெடுங்காலம் வழியறியாதிருந்தனர். 1851ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறம் நோக்கும் கருவியை உலகிற்கு அறிவித்தார். விழித்திரை மருத்துவரின் பார்வைக்கு எட்டியது. எனினும் ஒரு குறை நின்றது. அழற்சி நோயால் கண்ணின் உட்பகுதி கலங்கினாலோ, வில்லையைப் புரை மூடினாலோ, ஒளி உட்புகாது, கருவியிருந்தும் பயனில்லை.

இக்குறையை நீக்க ஒலி துணை வந்தது. 1880இல் பியேர் கியூரியும் அவர் தமையனார் ஜாக் கியூரியும், சில படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றுவதைக் கண்டனர். முதல் உலகப் போரின்போது பிரெஞ்சு அறிஞர் பால் லாஞ்செவன், அத்தகைய படிகத்தால் கேளா ஒலியை எழுப்பி நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேட முயன்றார். நொடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்டு, நம் செவிக்கு எட்டாததே கேளா ஒலி.

1956இல் அமெரிக்காவில் மண்ட், ஹியூஸ் என்னும் இருவர் இவ்வொலியைக் கண்ணுள் செலுத்தி ஆராய்ந்தனர். அவர்கள் பெற்றவை ஏறியிறங்கும் கோடுகளே. 1958இல் பாம், கிரீன்வுட் இருவரும் எதிரொலிகளைக் கண்ணின் குறுக்குவெட்டுப் படமாகவே அமைத்தனர்.

இதன் தத்துவம், மலையடியில் நின்று கூவும் பிள்ளையும் அறிந்ததே. கண்ணின் நீளம் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர். ஒலி அதனுள் சென்று மீள, நொடியைப் பத்து லட்சமாகப் பகுத்தால் 31 பங்கே ஆகும். அக்காலத்தை அளந்து தொலைவைக் கணிக்கிறது கருவி.

இதனால் விளைந்த நன்மை யாது? வெண்விழிப் படலத்தின் பின்புறத்தில் அழற்சி உண்டாயின், வெளியே சிவப்புத் தோன்றாமலும் இருக்கலாம். உள்ளே கட்டிபோன்ற புடைப்பு எழலாம். அதனைப் புற்றுக்கட்டியென எண்ணிக் கண்ணையே அகற்றிய நிகழ்ச்சிகள் மருத்துவ வரலாற்றில் உண்டு. ஒலிப்படமோ படலத்தின் தடிப்பையும், அதன் பின்னே தேங்கிய நீரையும் காட்டிவிடும். அந்நீர் பார்வை நரம்பைச் சூழுமிடத்தில் ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவம் தோன்றும். அழற்சியென்று தெளிந்தால் மருந்தால் தணிக்கலாம். தடிப்புக் குறைகின்றதா என்பதை மீண்டும் படமெடுத்து அறியலாம்.

ஆசிரியர்கள் எதிரொலிப் பாடம் நடத்தும்போது இவ்வரலாற்றையும் சொல்லலாம். கண்வலியும் பார்வை மங்கலும் உடைய பிள்ளையை, கண் சிவக்கவில்லையே என்று வாளாவிருக்காமல், மருத்துவரிடம் அனுப்புதலும் நம் கடமையாகும்.