பக்லாரன் கோயிலுக்குப் போன கணினி ஊழியர்கள்

பிலிப்பைன்ஸில் திருச்சபை அரசியலில் இறங்கிய கதை என்றால் எல்லோரும் சொல்வது ஒரு வானொலிக் குரலைத்தான். 1986 பிப்ரவரி 22 இரவு கர்தினால் ஹைமே சின் ரேடியோ வெரிட்டாஸில் விடுத்த அழைப்பைக் கேட்டு மணிலாவின் எட்சா நெடுஞ்சாலையில் ஜனம் திரண்டது. மூன்றே நாளில் அதிபர் ஃபெர்டினாண்ட் மார்கோஸ் நாட்டைவிட்டு வெளியேறினார். ஆனால் அதற்கு இரண்டு வாரம் முன்பு, பிப்ரவரி 9 அன்று நடந்ததுதான் நம் காலத்துக்கு நெருக்கமானது. அந்த மாத அதிபர் தேர்தலின் வாக்கு விவரங்களைத் தேர்தல் ஆணையத்துக்காகக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்த சுமார் 35 ஊழியர்கள், தங்கள் கணக்கில் ஓர் எண்ணும் அறிவிப்புப் பலகையில் வேறோர் எண்ணும் இருப்பதைக் கண்டு எழுந்து வெளியேறினார்கள். அவர்கள் அடைக்கலம் புகுந்த இடம் பக்லாரனில் உள்ள சதா சகாய மாதா கோயில். கணினி சொன்ன எண்ணுக்குச் சாட்சி சொல்ல வந்தவர்களைக் காக்க, கணினியோடு தொடர்பே இல்லாத ஓர் இடம் தேவைப்பட்டது.

கூட்டம் சேர்ப்பதைவிட இப்படிச் சாட்சியாக நிற்பதே சமயச் சமூகங்களின் பெரிய பங்களிப்பு என்பது என் கருத்து. 2001 ஜனவரியில் அதிபர் எஸ்ட்ராடாவுக்கு எதிராகக் கைபேசிக் குறுஞ்செய்தி பறந்தது. எட்சா மாதா ஆலயத்தடியில் கூட்டம் நிறைந்தது, திருச்சபையும் ஆசி கூறியது, அவர் பதவி இழந்தார். சில மாதத்திலேயே அதே ஆலயத்தின் முன் எஸ்ட்ராடாவின் ஏழை ஆதரவாளர்கள் திரண்டபோது அந்த வரவேற்பு இல்லை. கூட்டத்தை அழைப்பவர் ஒரு பக்கம் சாய்ந்தே தீரவேண்டும். குறுஞ்செய்தி அந்தச் சாய்வை வேகப்படுத்தியது, அவ்வளவுதான். எண்ணுவது வேறு வகை வேலை. 1991இல் தொடங்கிய, பொறுப்பான வாக்களிப்புக்கான பங்குப் பேரவை அமைப்பு, பங்குக் கோயில்களின் தொண்டர்களை வாக்குச்சாவடிகளில் நிறுத்துகிறது. 2010இல் நாடு முழுவதும் இயந்திர எண்ணிக்கை வந்ததும், கையால் எண்ணும் காலம் போய்விட்டது, இனி இவர்கள் எதற்கு என்று தோன்றியிருக்கும். நடந்தது நேர்மாறு. ஒவ்வோர் இயந்திரமும் முடிவை அனுப்புவதோடு தாளிலும் அச்சிடுகிறது. அந்தத் தாளின் பிரதியை வாங்கி, மணிலாவில் உட்கார்ந்து, இணையம் வழி வந்து சேர்ந்த எண்ணோடு ஒப்பிடுவது தொண்டர்களின் வேலையாயிற்று. சலிப்பூட்டும் வேலைதான், நாடெங்கும் ஆள் வைத்திருக்கும் பங்குக் கோயில்களால்தான் அதைத் தாங்க முடியும்.

ஆயர்களே ஒரு கட்சிக்குச் சாயும்போது அவர்கள் எண்ணிக்கையை எப்படி நம்புவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2022 அதிபர் தேர்தலில் குருக்கள் பலர் வெளிப்படையாகவே வேட்பாளர் லெனி ரோப்ரெடோவை ஆதரித்தார்கள். இக்லேசியா நி கிறிஸ்தோ என்ற வேறொரு கிறிஸ்தவ சபை அவரை எதிர்த்துப் போட்டியிட்ட மார்கோஸின் மகன் பக்கம் நின்றது. மகன் மார்கோஸ் 3.1 கோடிக்கு மேல் வாக்கு பெற்றார், ரோப்ரெடோ சுமார் 1.5 கோடி. பங்குத் தொண்டர்கள் ஒப்பிட்ட தாள்களோ, அனுப்பப்பட்ட எண்களோடு ஏறக்குறைய முழுதும் ஒத்துப்போயின. தங்களில் பலர் விரும்பாத முடிவுக்கு அவர்கள் சாட்சி சொன்னார்கள். ஒரு சாட்சியின் மதிப்பை வேறெதை வைத்து அளப்பது? இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. வாக்குச்சீட்டையே இயந்திரம் தவறாகப் படித்திருந்தால் தாளும் இணையமும் சேர்ந்தே தவறும். ஒப்பீட்டில் குறை தெரியாது. அதைக் கண்டுபிடிக்கச் சில சாவடிகளைக் குலுக்கிப்போட்டுத் தேர்ந்து, வாக்குச்சீட்டுகளைக் கையால் எண்ணிப் பார்க்கிறார்கள்.